நிலக்கரியும் வாக்குச்சீட்டும்

பருவநிலை மாற்றம் என்னும் விஷயம் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி அறையை விட்டு வெளியேறித் தேர்தல் களத்தில் இறங்கினால், அபேட்சகர்களின் நாவில் அது என்னென்ன வடிவங்களை எடுக்கும், எத்தனை வாக்குறுதிகளாகப் பிறந்து எத்தனை சட்டங்களாக நிலைக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் ஆஸ்திரேலியாவின் சமீப காலச் சரித்திரத்தைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். 2007 முதல் 2025 வரை அந்நாட்டில் நடைபெற்ற பொதுத் தேர்தல்கள் ஏழு. அவற்றுள் 2016ஆம் ஆண்டுத் தேர்தல் ஒன்றைத் தவிர ஏனைய எல்லாவற்றிலும் இவ்விஷயம் முன்வரிசையில் நின்றது. மூன்று பிரதம மந்திரிகள் பதவி இழந்ததில் இதற்குக் கணிசமான பங்கு இருந்தது. ஒரு கட்சி அரும்பாடுபட்டு இயற்றிய சட்டத்தை மறு கட்சி ஆட்சிக்கு வந்ததும் ரத்துச் செய்தது. இந்த ஒரு பிரச்சினையின் மீது இத்தனை தடவை தீர்ப்புக் கூறும்படி அழைக்கப்பட்ட வாக்காளர்கள் உலகில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தேசத்துக்கு இப்படி ஒரு சோதனை வாய்த்ததற்கு அதன் மண்ணே காரணம். குவீன்ஸ்லாந்து மாகாணத்தின் போவன் பள்ளத்தாக்கிலும், நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர் பிரதேசத்திலும் பூமிக்கடியில் கிடக்கும் உயர்ந்த ரக நிலக்கரி, நியூகாசில் முதலிய துறைமுகங்களின் வழியாக ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறி, அந்நாட்டின் பொக்கிஷத்தை நிரப்புகிறது. அதே மண்தான் மனிதர் வாழும் கண்டங்களில் மிகவும் வறண்டது. அங்கேதான் மரே, டார்லிங் நதிகள் வற்றிப் போனதைக் குடியானவர்கள் கண்ணெதிரே கண்டார்கள். அங்கேதான் 2,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பவளத்திட்டு கடல்நீரின் வெப்பம் தாங்காமல் மறுபடியும் மறுபடியும் வெளிறிப் போகிறது. வாழ்வளிக்கும் பொருளே வாழ்வைக் குலைக்கும் பொருளாகவும் இருக்கும் நாட்டில் வாக்குக் கேட்டுச் செல்கிறவன் நிலைமை எளிதன்று.

அந்நாட்டுத் தேர்தல் முறையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1924ஆம் ஆண்டு முதல் தேசியத் தேர்தலில் வாக்களிப்பது அங்கே கட்டாயம். வராதவர்கள் அபராதம் கட்ட வேண்டும். வாக்காளர் ஒருவர் பெயருக்கு எதிரே மட்டும் குறியிட்டுவிட்டுப் போக முடியாது. பிரதிநிதி சபைக்கான சீட்டில் உள்ள அபேட்சகர்கள் எல்லோரையும் தம் விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட வேண்டும். பாதிக்கு மேல் ஒருவரும் பெறாவிட்டால், கடைசியில் நிற்பவரின் சீட்டுகள் அவற்றில் காணும் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். ஆகவே தீவிரமான ஒரு கூட்டத்தை மட்டும் உசுப்பிவிட்டு வெற்றி பெறுவது கடினம்; நடுவே நிற்கும் சாமானிய ஜனங்களின் இரண்டாவது, மூன்றாவது விருப்பமாகவாவது இருந்தாக வேண்டும். பின்னால் நடந்த சில ஆச்சரியங்களுக்கு இந்த ஏற்பாடே மூலகாரணம்.

2007ஆம் ஆண்டில் பதினோரு ஆண்டுகளாகப் பிரதம மந்திரியாக இருந்த ஜான் ஹோவர்டுக்கும், தொழிற்கட்சியின் தலைவர் கெவின் ரட்டுக்கும் போட்டி நடந்தபோது, நீடித்த வறட்சியினால் நாடே களைத்துப் போயிருந்தது. பருவநிலை மாற்றம் நம் தலைமுறையின் மகத்தான தர்ம சோதனை என்ற பொருளில் ரட் பேசினார். வாயு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ உடன்படிக்கையை உறுதி செய்வதாக வாக்களித்தார். அதை நெடுநாள் மறுத்து வந்த ஹோவர்டும், கரியமில வாயுவை வெளியிடும் உரிமைக்கு விலை வைத்து அதைச் சந்தைச் சரக்காக்கும் திட்டத்தைத் தாமும் கொண்டு வருவதாக அந்த ஆண்டிலேயே ஒப்புக்கொண்டார். கரியமில வாயுவுக்கு விலை வைப்பதில் இரண்டு பெருங்கட்சிகளும் ஒன்றுபட்டு நின்ற தேர்தல் அது ஒன்றுதான் என்பதை இன்று நினைக்கும்போது வியப்பும் வருத்தமும் சேர்ந்தே எழுகின்றன. ஹோவர்ட் தோற்றார், பெனலாங் என்னும் தம் சொந்தத் தொகுதியையும் இழந்தார். பதவியேற்ற ரட் முதல் காரியமாக 2007 டிசம்பரில் கியோட்டோ பத்திரத்தில் கையொப்பமிட்டார்.

அந்த ஒற்றுமை இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. ரட் கொண்டுவந்த மசோதாவை ஆதரிக்க எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் டர்ன்புல் உடன்பட்டார் என்பதற்காகவே, 2009 டிசம்பர் 1ஆம் தேதி அவருடைய லிபரல் கட்சியின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கூடி, 42க்கு 41 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், டோனி அபாட்டைத் தலைவராக்கினார்கள். மறுநாள் செனட் சபையில் மசோதா தோற்றது. லிபரல் கட்சியைச் சேர்ந்த இரண்டு பெண் அங்கத்தினர்கள் கட்சிக் கட்டளையை மீறி மசோதாவை ஆதரித்தார்கள்; பசுமைக் கட்சியின் ஐவரோ, 2020க்குள் ஐந்து சதவீதம் குறைப்பது என்ற இலக்கு மிகவும் அற்பமானது, புகை கக்கும் ஆலைகளுக்குச் சலுகை அளவு மீறியது என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த ஐவரும் ஆதரித்திருந்தால் அன்றே அது சட்டமாகியிருக்கும். அவர்கள் கூறிய குறைகள் பொய்யல்ல. ஆயினும், குறையுள்ள சட்டத்தைப் பிற்பாடு திருத்திக்கொள்ளலாம், கைநழுவிய சந்தர்ப்பத்தைத் திருப்பிப் பிடிக்க முடியாது என்ற விவேகம் அன்று அவர்களுக்கு இல்லாமற் போனதை நான் பெரும்பிழை என்றே கருதுகிறேன். ரட்டின் பிழை அதிலும் பெரிது. தர்ம சோதனை என்று தாமே வருணித்த காரியத்துக்காகப் புதுத் தேர்தலைக் கோரி ஜனங்களிடம் செல்லாமல், 2010 ஏப்ரலில் அதை அவர் ஒத்திப் போட்டார். அதனோடு அவர்பால் மக்கள் வைத்திருந்த நம்பிக்கையும் சரிந்தது; ஜூன் மாதத்தில் அவருடைய கட்சியே அவரை விலக்கி ஜூலியா கில்லார்டைப் பிரதம மந்திரியாக்கியது.

ஒரு வாக்கியத்தின் விலை

2010 ஆகஸ்டில் வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்பு, தாம் நடத்தும் சர்க்காரில் கரி வரி இருக்காது என்று கில்லார்ட் தொலைக்காட்சியில் சொன்னார். கரியமில வாயுவுக்கு விலை வைக்கும் முயற்சியைக் கைவிடவில்லை என்றும் அதே பிரசாரத்தில் அவர் சொன்னார். ஆனால் இரண்டாவது பேச்சை ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பசுமைக் கட்சியின் துணையோடும் சுயேச்சைகள் சிலரின் துணையோடும் மந்திரி சபை அமைத்த கில்லார்ட், அந்த உடன்பாட்டின்படி 2011இல் சட்டம் இயற்றினார்; 2012 ஜூலை 1 முதல், பெரிய ஆலைகளும் மின் நிலையங்களும் தாம் வெளியிடும் ஒவ்வொரு டன் வாயுவுக்கும் 23 டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. முதல் சில ஆண்டுகள் நிலையான விலை, பின்பு சந்தை விலை என்பது ஏற்பாடு. அதை வரி என்று எதிரிகள் அழைத்தபோது, வேண்டாத சொற்போர் என்று நினைத்து அவர் மறுக்காமல் விட்டார். அந்தக் கணத்திலேயே அவர் வாக்குத் தவறியவர் என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அபாட்டின் பிரசாரத்தை அரசியல் நூல்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும். தலையில் பாதுகாப்புக் கவசம் அணிந்து தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை சென்று, இறைச்சிக் கடைக்கும் மீன் கடைக்கும் சென்று, இந்த வரியினால் உங்கள் வேலை போகும், உங்கள் மின் கட்டணம் ஏறும் என்று அவர் சலிக்காமல் சொன்னார். வயாலா என்னும் உருக்காலை நகரம் தேசப்படத்திலிருந்தே அழிந்து போகும் என்றார். அவருடைய கூட்டாளியான பார்னபி ஜாய்ஸ், ஆட்டிறைச்சி விருந்து ஒன்றுக்கு 100 டாலர் ஆகும் என்றார். வயாலா அழியவில்லை, இறைச்சி விலையும் அப்படி ஏறவில்லை. எனினும் 2013 செப்டம்பரில் 150 ஸ்தானங்களில் 90ஐ அவருடைய கூட்டணி கைப்பற்றியது. 2014 ஜூலை 17ஆம் தேதி கரி விலைச் சட்டம் ரத்தாயிற்று. கரியமில வாயுவுக்கு வைத்த விலையை ஒரு தேசம் எடுத்துவிட்டது உலகில் அதுவே முதல் தடவை. அது உண்மையில் வரியே அன்று, கசப்பான கட்சி அரசியலுக்காக நாங்கள் அதை அப்படி ஆக்கினோம் என்ற பொருள்பட அபாட்டின் அலுவலகத் தலைமை அதிகாரியாக இருந்த பீட்டா கிரெட்லின் 2017இல் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். அதற்குள் தேசம் விலைமதிப்பற்ற ஆண்டுகளை இழந்திருந்தது.

ஆனால் அந்தப் பிரளயத்திலும் அடித்துச் செல்லப்படாமல் நின்றவை சில உண்டு. அவற்றைக் கவனிக்கிறவர்கள் மிகச் சிலரே. கரி விலையினால் வரும் சுமைக்கு ஈடாக, வருமான வரி இல்லாத வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 டாலருக்குக் கில்லார்ட் உயர்த்தியிருந்தார். கரி விலையை எடுத்த அபாட் அந்தச் சலுகையில் கை வைக்கத் துணியவில்லை. சுத்த சக்தித் தொழில்களுக்குக் கடன் கொடுக்க 1,000 கோடி டாலர் மூலதனத்தில் நிறுவப்பட்ட நிதி ஸ்தாபனத்தை மூட அவர் முயன்றபோது, செனட்டில் தம் கட்சி அங்கத்தினர்களைக் கொண்டு தடை செய்தவர் குவீன்ஸ்லாந்தின் சுரங்கச் செல்வந்தர் கிளைவ் பாமர். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஹோவர்ட் காலத்திலேயே 2001இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க சக்தி இலக்கு, பின்னால் குறைக்கப்பட்ட போதிலும் உயிரோடு இருந்தது. அதன் மானியத்தைக் கொண்டு ஜனங்கள் தங்கள் வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகளைப் பதித்துக்கொண்டே போனார்கள். பார்லிமெண்டில் தலைவர்கள் ஒருவரை ஒருவர் கவிழ்த்துக் கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், எந்தக் கட்சிக்கு வாக்களித்தோம் என்ற பேதமின்றி, ஓய்வூதியக்காரரும் தச்சரும் பள்ளி ஆசிரியரும் செய்த இந்தக் காரியம் இன்று நாற்பது லட்சம் கூரைகளைத் தாண்டிவிட்டது. மேலிருந்து இறங்கிய சுமையாகத் தோன்றிய சட்டம் மடிந்தது; குடும்பத்தின் பிழைப்போடு பிணைந்து நின்ற சட்டம் தேர்தலுக்குப் பின் தேர்தலாகத் தப்பிப் பிழைத்தது. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பின்வந்த தேர்தல்களைப் பார்க்க வேண்டும்.

அபாட்டை 2015இல் அகற்றிவிட்டு டர்ன்புல் மறுபடியும் தலைவராகிப் பிரதம மந்திரியும் ஆனார். ஆனால் 2009இல் தம்மை வீழ்த்திய அங்கத்தினர்களின் தயவில் இருந்ததால் பேச வேண்டியதைப் பேச அவரால் இயலவில்லை. 2017 பிப்ரவரியில் நிதி மந்திரி ஸ்காட் மாரிசன் நிலக்கரிக் கட்டி ஒன்றைப் பார்லிமெண்டுக்குள்ளேயே கொண்டுவந்து, இதைக் கண்டு பயப்படாதீர்கள் என்று சபையோருக்குக் காட்டினார். 2018 ஆகஸ்டில் மின்சாரத் துறைக்கான மிக மிதமான ஒரு திட்டத்தை முன்வைத்ததே உட்கலகத்துக்குக் காரணமாகி டர்ன்புல் வீழ்ந்தார். மாரிசன் பிரதம மந்திரியானார்.

கிளர்மான்ட் கற்பித்த பாடம்

2019 மே 18ஆம் தேதித் தேர்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்ல கொள்கையுடையவர்கள் தோற்ற விதத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் தேர்தல் இல்லை. தொழிற்கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன், 2005ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் 45 சதவீதம் வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதாகவும், அந்த ஆண்டில் விற்கும் புதுக் கார்களில் பாதி மின்சாரக் கார்களாக இருக்கும் என்றும் சொன்னார். மாரிசனின் இலக்கு 26 முதல் 28 சதவீதம். இதற்கு என்ன செலவாகும் என்று பத்திரிகையாளர்கள் ஷார்ட்டனைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒன்றும் செய்யாதிருப்பதன் செலவு அதைவிட அதிகம் என்பது நியாயமான பதிலானாலும், ஒரு தொகையைச் சொல்லாமல் அவர் விலகியதை ஜனங்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மின்சாரக் கார் உங்கள் படகை இழுக்காது, ஷார்ட்டன் உங்கள் வார விடுமுறைக்கு முடிவு கட்டப் போகிறார் என்று மாரிசன் ஊர் ஊராகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் கலிலீ பள்ளத்தாக்கில் இந்தியாவின் அதானி கம்பெனி திறக்க விரும்பிய கார்மைக்கேல் சுரங்கம் பெரும் விவாதப் பொருளாக இருந்தது. ஆண்டுக்கு ஆறு கோடி டன் என்று தொடங்கிய திட்டம் 2018இல் ஒரு கோடி டன்னாகச் சுருங்கிவிட்ட போதிலும், அது ஓர் அடையாளமாகிவிட்டது. பசுமைக் கட்சியின் மூத்த தலைவர் பாப் பிரவுன், தெற்கே டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டிலிருந்து வாகன ஊர்வலமாகப் புறப்பட்டுச் சுரங்கத்துக்கு அருகிலுள்ள கிளர்மான்ட் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அவருடைய நோக்கம் தூய்மையானது. டாஸ்மேனியாவின் நதிகளையும் காடுகளையும் காக்கச் சிறை சென்ற மனிதர் அவர். ஆனால் கிளர்மான்ட் மக்கள் அந்த ஊர்வலத்தை எப்படிக் கண்டார்கள்? தங்கள் மகன் வேலை பார்க்கும் தொழிலைப் பாவமென்று அறிவிக்கத் தொலைதூர நகரங்களிலிருந்து வந்த அந்நியர்களாகக் கண்டார்கள். ஊர்வலத்தினருக்கு உணவு விடுதிகளின் கதவு அடைபட்டது. சாலையோரத்தில் எதிர்ப்புக் கூட்டம் நின்றது.

இந்தக் கோபத்துக்கு ஷார்ட்டன் நேர்மையான பதில் சொல்லியிருக்கலாம். சுரங்கத்தை எதிர்க்கிறேன், உங்களுக்கு மாற்றுத் தொழில் இன்னது, இன்ன இடத்தில், இன்ன ஆண்டில் என்றோ, சுரங்கத்தை அனுமதிக்கிறேன், அதன் காரணம் இது என்றோ சொல்லியிருக்கலாம். அவர் இரண்டையும் சொல்லாமல், தெற்கே மெல்போர்ன் வாக்காளர் எதிர்ப்பாகவும் வட குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் வாக்காளர் ஆதரவாகவும் பொருள் கொள்ளும்படி பேசினார். இரு தரப்பும் அவரை நம்பவில்லை. கருத்துக் கணிப்புகள் எல்லாம் பொய்த்து, மாரிசன் 77 ஸ்தானங்களோடு வென்றார். மத்திய, வட குவீன்ஸ்லாந்தின் நிலக்கரித் தொகுதிகளில் தொழிற்கட்சி சிதறியது. அக்கட்சியின் கோட்டையான ஹன்டரிலேயே சுரங்கத் தொழிலாளி ஒருவர் வலதுசாரிக் கட்சியொன்றின் சார்பில் நின்று ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளை அள்ளிச் சென்றார். பிற்பாடு தொழிற்கட்சி தானே நியமித்த பரிசீலனைக் குழுவும், அதானி விஷயத்தில் கட்சி காட்டிய இரட்டை நாக்கைத் தோல்வியின் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது.

சுரங்கத் தொழிலாளியை அறியாமையில் மூழ்கியவன் என்று நகரத்துப் படிப்பாளிகள் அப்போது ஏசினார்கள். அந்த ஏச்சு அநியாயமானது. அவனுக்கு ஹேசல்வுட் நினைவில் இருந்தது. விக்டோரியா மாகாணத்து லட்ரோப் பள்ளத்தாக்கில், அரை நூற்றாண்டு காலம் பழுப்பு நிலக்கரியை எரித்து மாகாணத்துக்கு மின்சாரம் கொடுத்து வந்த 1,600 மெகாவாட் நிலையம் அது. அதன் சொந்தக்காரரான பிரெஞ்சுக் கம்பெனி 2016 நவம்பரில் அறிவிப்புக் கொடுத்து, 2017 மார்ச்சில் கதவை மூடியது. ஐந்து மாதங்கள்கூட நிரம்பவில்லை. ஏறத்தாழ 750 பேருக்கு வேலை போயிற்று. தகப்பனும் மகனும் ஒரே கொதிகலன் அருகே உழைத்த ஊரில் இது வெறும் பொருளாதாரக் கணக்காக இருக்க முடியுமா? மாகாணச் சர்க்கார் ஓர் அதிகார சபையை அவசரமாக அமைத்து, பக்கத்து நிலையங்களில் வயது முதிர்ந்தவர்கள் விருப்ப ஓய்வு பெற்று ஹேசல்வுட்காரர்களுக்கு இடம் விடும்படி ஏற்பாடு செய்தது. நல்ல காரியம்தான், ஆனால் மூடும் முடிவு அறிவிக்கப்பட்ட பிறகு செய்த காரியம். ஹன்டர் பிரதேசத்து லிடல் நிலையத்துக்கோ பல ஆண்டுகள் முன்னதாகவே மூடும் காலம் அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் அது அணைந்தபோது ஊர் கலங்கவில்லை. ஹேசல்வுட் தந்த அதிர்ச்சியின் பயனாக, மின் நிலையங்கள் குறைந்தது மூன்று ஆண்டுகள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் பிறந்தது. தேர்தல் மேடையில் இலக்குகளின் சதவீதத்தைப் பற்றி நடந்த வாதங்கள் எல்லாவற்றையும்விட இந்தச் சிறு விதி உழைப்பாளிகளுக்கு அதிகம் உதவியது என்பது என் துணிபு.

அதே 2019 தேர்தல் இரவில் மற்றொரு செய்தியும் வந்தது. குவீன்ஸ்லாந்தின் ஆரவாரத்தில் அதன் முழு அர்த்தத்தைப் பலர் உணரவில்லை. சிட்னியின் வடகரையில் கடலோரச் செல்வர்கள் வாழும் வாரிங்கா தொகுதியை 1994 முதல் தம் வசம் வைத்திருந்த டோனி அபாட், ஸாலி ஸ்டெகால் என்னும் சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றார். பனிச்சறுக்கு ஆட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய வழக்கறிஞர் அவர். பொருளாதாரத்தில் பழமைவாதி, பருவநிலை விஷயத்தில் உறுதியானவர். கரி வரியை வெட்டி வீழ்த்தியவரை அவருடைய சொந்த வாக்காளர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தேர்தல் முடிந்து ஏழெட்டு மாதங்களுக்குள் அக்கினி வந்தது. 2019–20 கோடைக்காலத்தில் 2.4 கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது. மூவாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் சாம்பலாயின. நெருப்பில் நேரடியாக 33 பேர் மாண்டார்கள். சிட்னி நகரத்து வானம் வாரக்கணக்கில் புகையால் மங்கிக் கிடந்தது. மல்லகூட்டா என்னும் கடலோர ஊரில் புத்தாண்டுக்கு முந்தின நாள், பகலே இரவாகிச் சிவந்த வானத்தின் கீழ் ஆயிரக்கணக்கானவர்கள் கடற்கரையில் அடைக்கலம் புகுந்து நின்றார்கள். பிரதம மந்திரி அந்த டிசம்பரில் குடும்பத்தோடு ஹவாய்த் தீவில் விடுமுறையில் இருந்தார் என்பதை ஜனங்கள் மன்னிக்கவில்லை. 2022 பிப்ரவரி இறுதியில் லிஸ்மோர் நகரத்து நதி 14 மீட்டருக்கு மேல் உயர்ந்து, வீட்டுக் கூரைகளின் மேல் ஏறி நின்றவர்களை அக்கம்பக்கத்தார் தங்கள் சொந்தப் படகுகளில் மீட்டபோது, அந்த நினைவு இன்னும் ஆழமாயிற்று. 2021 அக்டோபரில், கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்குச் சற்று முன்பு, 2050க்குள் நிகர பூஜ்ய வெளியேற்றம் என்று மாரிசன் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் 2030 இலக்கை அவர் உயர்த்தவில்லை. நிலக்கரிக் கட்டியைக் காட்டிய கையிலிருந்து வந்த வாக்குறுதியை நகரத்து வாக்காளர் நம்பவுமில்லை.

2022 மே 21ஆம் தேதித் தேர்தலில் ஸ்டெகால் காட்டிய வழியில் ஆறு பெண்கள் புதிதாகச் சுயேச்சைகளாக வென்றார்கள். மெல்போர்னின் கூயோங் தொகுதியில் குழந்தைகளின் நரம்பு நோய் மருத்துவரான மோனிக் ரயன், நிதி மந்திரி ஜாஷ் ஃபிரைடன்பர்கையே தோற்கடித்தார். விக்டோரியாவின் கிராமப்புறத் தொகுதியான இன்டையில் கேத்தி மெக்கவன் 2013இல் 439 வாக்குகளில் வென்றபோது கையாண்ட முறையை இவர்கள் மேற்கொண்டார்கள். வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்து பேசுவது, அபேட்சகர் பேசுவதைவிட அதிகம் கேட்பது என்பதே அந்த முறை. பணமும் அவர்களுக்கு வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பருவநிலைக்காக நன்கொடை திரட்டிய அமைப்பு ஒன்று அவர்களுக்கு உதவியது. ஆனாலும் விருப்ப வரிசை வாக்குமுறை இல்லாதிருந்தால், தொழிற்கட்சிக்காரரும் பசுமைக் கட்சிக்காரரும் இவர்களை இரண்டாவதாகக் குறித்து வெற்றி தேடித் தந்திருக்க முடியாது.

தொழிற்கட்சியின் அந்தோணி ஆல்பனீஸ் இத்தேர்தலில் மிகுந்த ஜாக்கிரதையோடு நடந்தார். ஷார்ட்டனின் 45ஐ 43 ஆகக் குறைத்தார். செலவையும் வேலைகளின் எண்ணிக்கையையும் நிபுணர்களைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டு வெளியிட்டார். ஹன்டர் தொகுதிக்குச் சுரங்கத் தொழிலில் இருந்த, துப்பாக்கி சுடுவதில் ஒலிம்பிக் வீரரான ஒருவரையே வேட்பாளராக்கினார். 77 ஸ்தானங்களோடு வென்று, அதே ஆண்டு செப்டம்பரில் 43 சதவீத இலக்கைச் சட்டமாக்கினார். மூடப்படும் மின் நிலையங்களின் தொழிலாளருக்கு மறுவேலை தேடித் தரும் கடமையுள்ள தேசிய அதிகார சபை 2024இல் சட்டபூர்வமாக அமைந்தது. ஹேசல்வுட்டில் கடைசி நேரத்தில் அவசரமாகச் செய்ததை முன்கூட்டியே செய்யும் முயற்சி அது. அதே சமயம், 2025க்குள் சராசரிக் குடும்பத்தின் மின் கட்டணம் 275 டாலர் குறையும் என்று பிரசாரத்தில் அவர் கொடுத்த வாக்குறுதி பலிக்கவில்லை. உக்ரேன் யுத்தத்தால் எரிபொருள் விலை ஏறியதை அவர் காரணமாகச் சொல்லலாம், ஆயினும் உலகச் சந்தையின் கையிலிருக்கும் ஒரு விலையைத் தன் கையிலிருப்பதுபோல் வாக்களித்தது தவறே.

2025 தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் அணுசக்தியை முன்வைத்தார். மூடிய அல்லது மூடப்படும் நிலக்கரி நிலையங்கள் உள்ள ஏழு இடங்களில் சர்க்கார் செலவில் அணு உலைகள், முதலாவது 2030களின் நடுப்பகுதியில் என்பது திட்டம். நிலக்கரி ஊர்களின் எதிர்காலத்துக்கு இடம் சுட்டிப் பதில் சொன்னார் என்ற அளவில் அவருக்குரிய மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அணு மின் நிலையம் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் இருக்கும் நாட்டில், அத்தொழிலில் அனுபவமே இல்லாத நிலையில், அதுவரை முதுமையடைந்த அனல்மின் நிலையங்களை ஓட்டியே காலம் தள்ள வேண்டும் என்ற அவருடைய கணக்கை, கூரையில் சூரிய மின்தகடு வைத்திருந்த வாக்காளர்கள் ஏற்கவில்லை. மே 3ஆம் தேதி தொழிற்கட்சிக்கு 94 ஸ்தானங்கள் கிடைத்தன. டட்டன் தம் தொகுதியையும் இழந்தார்.

அந்தப் பெருவெற்றியின் நடுவே ஒரு மௌனம் இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியக் கடலோரத்தின் பிரம்மாண்டமான எரிவாயுத் திட்டத்தை 2070 வரை நீட்டிப்பதா என்ற தீர்மானத்தைச் சர்க்கார் தேர்தலுக்குப் பிந்திய தேதிக்கு ஒத்தி வைத்தது. பிரசாரத்தில் அதைப் பற்றித் தெளிவான பதில் தரவில்லை. தேர்தல் முடிந்த அதே மே மாதத்தில் அனுமதிக்குச் சம்மதம் தெரிவித்தது. செப்டம்பரில் இறுதி அனுமதி அளித்தது. கப்பலேறிப் போகும் நிலக்கரியும் எரிவாயுவும் பிற தேசங்களில் எரிந்து எழுப்பும் புகை ஆஸ்திரேலியாவின் 43 சதவீதக் கணக்கில் சேராது. கார்மைக்கேலின் நிலக்கரியும் 2021 டிசம்பர் முதல் ஏற்றுமதியாகிறது. நம் இந்திய மின் நிலையங்களும் அதைக் கொள்வோரில் சேர்த்தி என்பதால், இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நாமும் இருக்கிறோம். ஷார்ட்டனின் இரட்டை நாக்கைக் கண்டித்த பேனா ஆல்பனீஸின் மௌனத்தையும் கண்டிக்கத்தான் வேண்டும். வாக்காளருக்கு முன் சொல்ல அஞ்சும் தீர்மானத்தை வாக்கு வாங்கிய பிறகு செய்வது ஜனநாயகத்துக்கு அழகன்று.

டோரஸ் ஜலசந்தியின் போய்கு, சாய்பாய் தீவுகளைச் சேர்ந்த இரண்டு பெரியவர்கள், கடல் தங்கள் மூதாதையரின் சமாதிகளைத் தின்று வருகிறது, எங்களைக் காக்கும் கடமை சர்க்காருக்கு உண்டு என்று தொடுத்த வழக்கை 2025 ஜூலையில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்கள் சொன்ன துன்பம் உண்மை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் அத்தகைய கொள்கை விஷயங்கள் பார்லிமெண்டுக்கும் தேர்தலுக்கும் உரியவை என்று விட்டார். ஆகவே அந்தத் தீவினருக்கும் இனி எஞ்சியிருப்பது வாக்குச்சீட்டுதான்.

2025 நவம்பரில் லிபரல் கட்சியின் கூட்டாளியான நேஷனல் கட்சியும், அதன் பின் லிபரல் கட்சியும் 2050 நிகர பூஜ்ய இலக்கைக் கைவிட்டன. ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் கொள்கையளவிலாவது ஒப்பியிருந்த அந்தக் குறைந்தபட்ச உடன்பாடும் இதனால் குலைந்தது. அடுத்த பொதுத் தேர்தல் 2028க்குள் வரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோலி என்னும் நிலக்கரி ஊரில் மாகாணச் சர்க்கார் தன் அனல்மின் நிலையங்களை 2030க்குள் மூடுவதாக ஏற்கனவே அறிவித்திருக்கிறது. அந்த ஊரின் மேடையில் நின்று, இங்கே உழைக்கும் கைகளுக்கு 2031இல் வேலை எங்கே, ஏற்றுமதியாகும் நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் முடிவு எந்த ஆண்டில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லும் அபேட்சகரை, அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், ஆஸ்திரேலிய வாக்காளர்கள் தங்கள் சீட்டில் முதலாவதாக எண்ணிட வேண்டும்.